கோவை கண்ட கால்பந்துப் பருவம்

2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 9-ஆம் தேதி மாலை, கோவை நேரு ஸ்டேடியத்தின் கேலரியில் எனக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், ஓடுபாதைக்கு அப்பால் நடந்துகொண்டிருந்த ஆட்டத்தில் பாதிக் கவனமும் தம் பேரன் கையிலிருந்த கைப்பேசியில் மீதிக் கவனமுமாக, “கோழிக்கோட்டுல என்ன ஆச்சு கண்ணு?” என்று நிமிஷத்துக்கொரு தரம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கவலைக்குத் தக்க காரணம் இருந்தது. தேசியக் கால்பந்து லீக்கான ஐ-லீக் பருவத்தின் இறுதி நாள் அது. 40 புள்ளிகளோடு நின்ற சென்னை சிட்டி கழகம் தன் சொந்த மைதானமான இங்கே முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபை எதிர்கொள்ள, 39 புள்ளிகளோடு அடியொற்றி வந்த ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவோடு மோதிக்கொண்டிருந்தது.

தொடக்க நிமிஷங்களிலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை நம் பக்கத்தில் பதில் இல்லை. இரண்டாம் பாதியில் பெத்ரோ மான்ஸி பெனால்டியைக் கோலாக்கிச் சமன் செய்தபோதுதான் கேலரிக்கு மூச்சு வந்தது. பின்னர் கௌரவ் போரா என்னும் இளைஞர் ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றுமாக இரண்டு கோல்கள் அடித்து 3-1 என்று முடித்து வைத்தார். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் பின்தங்கிப் பிறகு மீண்டு 2-1 என்று வென்றிருந்தபடியால், கோவையில் ஆட்டம் சமனாகியிருந்தால்கூடப் பட்டம் கல்கத்தாவுக்குப் போயிருக்கும். 43-க்கு 42 என்ற அந்த ஒற்றைப் புள்ளி வித்தியாசத்தில், தமிழகத்துக் கழகம் ஒன்று முதன்முதலாக ஐ-லீக் பட்டத்தைக் கைப்பற்றியது.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்வோர் அந்தப் பருவத்தை முழுமையாகப் பார்க்காதவர்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் பட்டியலின் அடிப்பகுதியிலேயே உழன்ற கழகம் அது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், பந்தைத் தரையோடு கடத்தி, பொறுமையாக இடம் தேடி, பிறகு பாய்கிற ஆட்டத்தைக் கற்பித்தார். மான்ஸியும் நெஸ்டர் கோர்டில்லோவும் சாண்ட்ரோ ரொட்ரிகஸும் ஸ்பெயினிலிருந்து கொண்டு வந்த நுட்பத்துக்கு, குமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறை தந்த மைக்கேல் ரெஜினும் எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் தங்கள் உழைப்பால் ஈடு கொடுத்தார்கள். மான்ஸி ஒருவரே 21 கோல்கள் அடித்தார். பெரும் பணம் புரண்ட கழகமன்று. ஆயினும் அதன் ஆட்டத்தைப் பார்க்கும் இன்பத்துக்கு ஒரு குறைவும் இருந்ததில்லை.

இத்தகைய பிரயாசைக்கு நாம் அளித்த பிரதிபலன் என்ன என்பதே என் மனத்தை இன்றளவும் வருத்துகிற விஷயம். பட்டம் வென்ற அதே ஆண்டில், இனி இந்தியன் சூப்பர் லீகே நாட்டின் முதல்நிலை லீக் என்று முடிவாகி, ஐ-லீக் இரண்டாம் ஸ்தானத்துக்கு இறக்கப்பட்டது. ஐ-லீக்கில் முதலிடம் பெறுகிற கழகம் ஆட்டத் தகுதியாலேயே மேலே ஏறும் வழி 2022-23 பருவத்துக்குப் பிறகுதான் திறந்தது; 2023-இல் பஞ்சாபும் 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் அந்த வழியாக ஏறின. அந்த நியாயம் நான்கு ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் கோவை மைதானத்துக்குப் பெங்களூரு போன்ற சூப்பர் லீக் கழகங்கள் விளையாட வந்திருக்கும். வந்ததோ வேறு கதி: கதவு திறப்பதற்குள் சென்னை சிட்டி தேசிய லீக்கை விட்டே மறைந்துபோயிற்று. கழகத்தை நடத்தியவர்களின் பொறுப்பும் இதில் உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரு கழகம் நிலைத்து நிற்க நல்ல மைதானமும் வேண்டும்; மைதானம் என்பது கழகம் மட்டும் சுமக்கக்கூடிய பாரமன்று. அது அரசாங்கமும் மாநகராட்சியும் தொழிலதிபர்களும் சேர்ந்து ஜனங்களுக்குச் செய்து தரவேண்டிய காரியம். ஆலைகளும் பம்புசெட்டும் கொண்டு உலகுக்கே பெயர் சொல்லும் ஒரு நகரத்தால், ஆசியத் தரத்துக்கு ஒரு கால்பந்து மைதானம் அமைக்க இயலாது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஏனென்றால் அப்படியொரு மைதானம் இல்லாததன் விலை இன்னதென்று நாம் கண்ணாரக் கண்டோம். அந்தப் பட்டத்தின் பலனாக, ஆசியாவின் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஆடும் பாக்கியம் சென்னை சிட்டிக்குக் கிடைத்தது. 2020 ஜனவரியில் பஹ்ரைன் நாட்டின் ரிஃபா கழகத்தோடு நடந்த அந்த ஆட்டம் நம் கழகத்தின் சொந்த ஆட்டமாகவே கணக்கிடப்பட்டது. நடந்த இடமோ அகமதாபாத். தமிழ் ஒலிக்காத அந்தக் கேலரியின் முன்னால் 0-1 என்று நம்மவர்கள் தோற்று வெளியேறினார்கள். ஊரில் நடந்திருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அந்தப் பெரியவரும் பேரனும் வ.உ.சி. பூங்காவைக் கடந்து நடந்து வந்து, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு, ஆட்டம் முழுவதையும் நேரே பார்த்திருப்பார்கள்.