குதிரைமலை யாருக்கு உரியது?

சென்ற திங்கள் என் மாணவன் ஒருவன் கட்டுரையேட்டில், “புறநானூறு போற்றும் பிட்டங்கொற்றனின் குதிரைமலை நம் புத்தளக் கரையிலேயே உள்ளது” என்று எழுதியிருந்தான். அவ்வரியின்கீழ்ச் சிவப்புக் கோடிட்டேன். பையனின் முகம் வாடிவிட்டது. ஊர்ப்பற்றால் எழுதியதைத் தமிழாசிரியரே மறுக்கின்றாரே என்பது அவன் வருத்தம். அவனுக்குக் கூறிய விடையை ஈண்டுச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றேன். தமிழன்பர்கள் சினவாது கேட்பாராக.

வில்பத்துக் காட்டின் கடலோரத்தில், செம்மண் குன்றாய்க் கடலை நோக்கி நிற்பது குதிரைமலை முனை. அதற்கப்பால் உள்ள கடலில் முத்துச்சிப்பி விளையும் பார்கள் உள. இச்சிறு குன்றுக்கு உரிமை கோருவோர் பலர். செங்கடல் வரிக் குத்தகைக்காரன் ஒருவனின் பணியாளன் காற்றால் அலைப்புண்டு, பதினைந்தாம் நாளில் இலங்கையின் ‘ஹிப்புரோஸ்’ என்னும் துறையை அடைந்தான் என்பது கி.பி. 79-இல் மறைந்த உரோம அறிஞர் பிளினியின் கூற்று. அக்கிரேக்கச் சொல்லில் குதிரை என்னும் பொருள் பொதிந்திருத்தலால், அத்துறை குதிரைமலையே என எமர்சன் தெனன்ட் 1859-இல் வெளியிட்ட தம் நூலில் கருதினார். மகாவம்சத்தில் விசயனின் தோழர் கைகள் சிவக்கக் கரையேறிய தம்பபண்ணி இதுவே என்பர் சிலர். அல்லி அரசாணி ஆண்ட இடம் என்பர் நம்மவர்.

பெயரொற்றுமை ஐயத்தை எழுப்பலாம், முடிவைத் தாராது. பிட்டங்கொற்றன் சேரனைச் சார்ந்த தலைவன். அவன் மலையைப் பாடிய புலவர், அருவி ஒலிப்பதையும் மூங்கில் அடர்ந்திருப்பதையும் குறவர் தினை விதைப்பதையும் கூறுகின்றார். நம் முனையில் அருவி ஏது? வறண்ட காடும் உவர்க்காற்றுமே உள. அது குறிஞ்சி, இது நெய்தல். திணையறிந்த மாணவன் இவ்விரண்டையும் ஒன்றாக்கலாமா? அல்லியின் கதைப்பாடலோ அவளை மதுரைக்கு அரசியாக்குகின்றது. வடக்கே அரிப்பில் மக்கள் ‘அல்லிராணிக் கோட்டை’ எனக் காட்டும் இடிபாடு, ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்க்க 1801-க்கும் 1804-க்கும் இடையில் கட்டிய மாளிகையேயாகும்.

அங்ஙனமாயின் இக்கரைக்குப் பெருமை இல்லையா? உண்டு. அதனை அரசர் பெயர்களில் தேடுவதே நாம் செய்யும் பிழை.

குதிரைமலைக்கு வடக்கே மறிச்சுக்கட்டியில், சலாபம் நடைபெற்ற ஆண்டுகளில் மணல்வெளியில் ஒரு நகரம் எழும். ஓலைக் குடில்கள், கடைத்தெரு, நீதிமன்றம், மருத்துவமனை யாவும் சில கிழமைகளுக்குள் தோன்றும். தமிழரும் முஸ்லிம்களும் அரபியரும் கல்லைத் துணைகொண்டு கடலடிக்கு இறங்குவர். சுறா அணுகாதிருக்கக் கடல்கட்டி மந்திரம் ஓதுவான். கொண்டுவந்த சிப்பியைக் கொட்டில் மூன்று பங்காகப் பிரிப்பர். இரு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு முழுகியோர்க்கு. அரசின் பங்கு அன்றிரவே ஏலம் போகும். காலம் முடிந்ததும் நகரம் மறையும். 1906-இல் இம்முத்துக் கடலை ஒரு கும்பினிக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு அரசு விட்டது. சிப்பியோ சில ஆண்டுகளிலேயே அருகிப்போயிற்று.

தோண்டியெடுக்கும் பொருளால் வாழும் ஊர், அப்பொருள் அற்றால் தானும் அறும். கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபோது வேலையிழந்தோருள் தமிழர் மிகப் பலர். ஆயினும் அங்கே தெருக்களேனும் எஞ்சின. இங்கே கடலைத் தோண்டியவனின் குடிற்காலும் எஞ்சவில்லை; அவன் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

எஞ்சியவை அவன் சொற்களே. பார், கொட்டு என்பவற்றை ஆங்கில அதிகாரிகள் மொழிபெயர்க்க இயலாது தம் அறிக்கைகளில் அவ்வாறே எழுதினர். 1906-இல் கொட்டில் மேற்பார்வை செய்த லெனாட் வூல்ப் தம் வாழ்க்கை வரலாற்றிலும் அச்சொல்லையே ஆண்டார். இக்கரையில் தமிழ் உழைத்து வாழ்ந்தமைக்கு இதனினும் ஐயமற்ற சான்று வேண்டுமா? நம் வகுப்பறைகளிலோ இச்சொற்களை அறிந்த மாணவர் அரியர்.

கற்பிட்டி முதல் சிலாவத்துறை வரை ஆசிரியப் பணி புரிவோர்க்கு ஒரு வேண்டுகோள். அரசியரைத் தேடியது போதும். சங்கு குளித்தும் வலை வீசியும் முதுமையடைந்தோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்தம் தொழிற்சொற்களை, அவர்கள் மறையுமுன் மாணவரைக்கொண்டு எழுதுவியுங்கள்.

என் மாணவனுக்கு அப்பணியையே கொடுத்துள்ளேன். சிவப்புக் கோடிட்ட பக்கத்திற்கு அடுத்த பக்கத்தில், தன் பாட்டனாரிடம் கேட்டறிந்த பதினேழு சொற்களை எழுதி வந்தான். அவற்றுள் ஆறு எனக்கே புதியவை.