அல்லங்காடிப் பெருமையும் நம் தெருமுனைத் தள்ளுவண்டியும்

சங்க இலக்கியம் பேசப்படுகிற எந்த மேடையிலும் மதுரையின் அல்லங்காடி தவறாமல் வந்துவிடும். பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் இரவிலும் கடை விரித்தான், கைதட்டல். பேச்சாளர் மேடையிலிருந்து இறங்கி, ஏற்பாட்டாளர்கள் சொல்லிவைத்திருக்கும் குளிரூட்டப்பட்ட உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புவார். அந்த அல்லங்காடியின் இன்றைய வாரிசுகளோ அதே இரவில், ரோந்து வண்டியின் விளக்கைக் கண்டதும் அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருப்பார்கள். முந்தைய அங்காடிக்குக் கைதட்டுகிறவர்களும் பிந்தைய அங்காடியைத் துரத்துகிறவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதே என் குற்றச்சாட்டு. அந்தக் குற்றவாளிக் கூட்டத்தில் முதல் வரிசையில் நானும் நிற்கிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன்பே நண்பர்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து ஒரே காரில் மதுரைக்குக் கிளம்பினோம். மீனாட்சி தரிசனமோ கீழடி அருங்காட்சியகமோ எங்கள் நோக்கமாக இருக்கவில்லை. இரவுக் கடைகளில் தின்பது, விடிந்ததும் திரும்புவது, அவ்வளவுதான் திட்டம். ஏறத்தாழ 460 கிலோமீட்டர். திண்டிவனம், உளுந்தூர்ப்பேட்டை, திருச்சி, துவரங்குறிச்சி, மேலூர் என்று ஊர்கள் கழியக் கழிய, காருக்குள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஒருவர் கறிதோசைக்கு வாக்களித்தார். இன்னொருவர் பருத்திப்பால் இல்லாமல் மதுரை இல்லை என்றார். மூன்றாமவர் மதுரைக்காஞ்சியின் அங்காடிக் காட்சிகளை விரித்துரைத்தார். சுங்கச்சாவடிகளில் மட்டும் உரையாடல் சற்று நின்றது.

பொழுது சாய்ந்ததும் மாசி வீதிப் பக்கம் முள்ளுமுருங்கை வடையில் தொடங்கினோம். எண்ணெயில் விழுந்ததும் உப்பி எழும்புகிற அந்தப் பச்சை வடையின் மேல் தூவிய காரப்பொடி நாக்கை எழுப்பிவிட்டது. பிறகு விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. கடல்பாசியும் நன்னாரியும் சுண்டக் காய்ச்சிய பாலும். சிம்மக்கல்லில் கறிதோசை. கல்லின்மேல் இரும்புத் தகடுகள் தாளம் போட, கொத்துப் பரோட்டா. சுக்கும் கருப்பட்டியும் மணக்கும் பருத்திப்பால். நள்ளிரவு தாண்டி ஒரு சந்து முனையில், ஒற்றைக் குண்டு பல்பின் கீழ் இட்லி அவித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் போய் நின்றோம். எங்களைச் சுற்றி நின்று தின்றவர்கள் சுமைதூக்கும் தொழிலாளிகள், ஆட்டோக்காரர்கள், பெரியாஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு வந்திருந்த ஒரு குடும்பம். நாங்கள் ஐவர் மட்டுமே பசிக்காமல் சாப்பிட்டவர்கள்.

அந்த அம்மாள் இலைத்துண்டில் நான்காவது சட்னியை ஊற்றியபடி கேட்டார்: "எந்த ஊருய்யா?"

சென்னை என்றோம்.

"அம்புட்டுத் தொலவுல இருந்து இட்லி திங்கவா வந்தீக? ஏன்யா, உங்க ஊருல தள்ளுவண்டிக் கடையே இல்லையா?"

எங்களில் ஒருவர், "இருந்துச்சும்மா" என்றார். சொன்னவர் எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர்.

எங்கள் குடியிருப்பின் வாயிலுக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் மாலை ஏழு மணியிலிருந்து இட்லியும் தோசையும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கட்டுமானத் தளத்தின் தொழிலாளிகளும் எங்கள் காவலாளிகளும் அங்கேதான் சாப்பிட்டார்கள். சுகாதாரக் கேடு, அந்நியர் நடமாட்டம், வாகனம் நிறுத்த இடைஞ்சல் என்று மூன்று காரணங்கள் காட்டி ஒரு மனு எழுதப்பட்டது. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. மனுவின் வாசகத்தில் இருந்த ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொடுத்ததும் நான்தான். ஒரு பிற்பகலில் லாரி வந்தது. வண்டியை ஏற்றிக்கொண்டு போனது. அன்று நாங்கள் யாரும் கீழே இறங்கிப் பார்க்கவில்லை. எங்கள் வாசலில் சுகாதாரக் கேடாக இருந்தது, 460 கிலோமீட்டர் தள்ளிப் போனதும் பண்பாடாகிவிட்டது.

நிற்க. இது எங்கள் ஐவரின் அற்பத்தனம் மட்டுமாக இருந்தால் இவ்வளவு எழுதவேண்டியதில்லை. ஆனால் இந்த அற்பத்தனத்துக்கு ஓர் இலக்கிய வடிவமே இங்கே உருவாகியிருக்கிறது. வார இறுதியில் காரில் போய்த் தின்றுவிட்டு வந்து எழுதப்படும் 'உணவுப் பயணக் கட்டுரை'யைச் சொல்கிறேன். அதற்கென்று ஓர் அச்சு வார்ப்பு இருக்கிறது. ஒரு பாட்டி இருப்பார்; அவர் கையில் 'மந்திரம்' இருக்கும்; சுவையில் எழுத்தாளரின் பால்யம் திரும்பும்; கடைசிப் பத்தியில் நகரமயமாதல் குறித்து ஒரு பெருமூச்சு. பாட்டி எத்தனை மணிக்கு அரிசி ஊறப்போட்டார், மாவை யார் அரைத்தார்கள், எச்சில் தட்டைக் கழுவும் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வண்டி நிற்கும் ஆறடி இடத்துக்கு யார் யாருக்குப் படியளக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு வரி இராது. நாவால் எழுதப்படுகிற இந்த எழுத்துக்குக் கண் கிடையாது.

மதுரைக்காஞ்சிக்குக் கண் இருந்தது. 782 அடிகள் கொண்ட, பத்துப்பாட்டிலேயே நீண்ட அந்தப் பாட்டில் மாங்குடி மருதனார் நகரின் இரவை யாமம் யாமமாகப் பிரித்துக் காட்டுகிறார். அடையும் மோதகமும் விற்கிற கூவியர், தங்கள் பண்டங்களோடு இருந்த இடத்திலேயே உறங்குகிற காட்சி அதில் வருகிறது. சுவையை மட்டும் பாடிவிட்டு நகர்ந்திருக்கலாம். விற்றுக் களைத்தவனின் உறக்கத்தையும் பாட்டுக்குள் கொண்டுவந்ததால்தான் அது கவிதை. அரசனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்ல வந்த புலவருக்கு ஒரு பலகாரக்காரரின் களைப்பு கண்ணில் பட்டது. அதையே மேற்கோள் காட்டிக்கொண்டு திரிகிற நமக்கு, விற்பவர் தெரிவதில்லை. தட்டு மட்டுமே தெரிகிறது.

சரி, விற்பவரைப் பார்ப்போம். தெருவில் வணிகம் செய்வது அரசியலமைப்பின் 19(1)(ஜி) பிரிவு வழங்கும் உரிமைக்குள் அடங்கும், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989லேயே சோதான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கால் நூற்றாண்டு கழித்து, 2014ல், தெரு வணிகர்கள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் தெரு வணிகர்களைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கப்படும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. அதன்பின் அகற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். நகர விற்பனைக் குழுவின் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டினருக்குக் குறையாமல் தெரு வணிகர்களாக இருக்கவேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இதைவிட முக்கியமானது ஒன்று: அதே குழுவில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் இடம் வைத்திருக்கிறது சட்டம். அதாவது, மனுப்போட்டு லாரியை வரவழைப்பதற்குப் பதிலாக, எங்கள் செயலாளரும் அந்தத் தோசைக்காரரும் ஒரே மேசையின் இருபுறமும் உட்கார்ந்து பேச வழியிருந்தது. நன்கு படித்த நாற்பது குடும்பங்கள் வாழ்கிற கட்டடத்தில் ஒருவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் ஏற்படவில்லை.

இன்னொன்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் வழிவழியாகக் கூடுகிற இடங்களை அது 'இயல்பான சந்தை' என்று அழைக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 50 ஆண்டுகளுக்கு மேல் வணிகம் நடந்திருந்தால் அதைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும், அங்கிருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது. ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேசுகிறவர்களே, சட்டம் உங்களிடம் கேட்பது வெறும் 50 ஆண்டு. அல்லங்காடியைப் பற்றி ஆய்வேடு எழுதுகிற கைகளுக்கு, நம் ஊர் இரவுக் கடைத்தெருவின் ஐம்பதாண்டு வரலாற்றைத் திரட்டி ஒரு விண்ணப்பமாக எழுதித் தருவது அத்தனை கடினமா? அதற்குத் துணைவேந்தரின் தலைமையுரை தேவையில்லை என்பதுதான் குறையோ?

இரவு நேரத்துக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு மே மாதம் தமிழ்நாடு அரசு கடைகளை இருபத்துநான்கு மணி நேரமும் திறந்துவைக்கலாம் என்று மூன்றாண்டுகளுக்கு ஆணையிட்டது. 2022ல் அது நீட்டிக்கப்பட்டது. 'இனி இரவெல்லாம் சாப்பிடலாம்' என்று நாமெல்லாம் புளகாங்கிதம் அடைந்தோம். ஆணையை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற நிறுவனங்களுக்கே அந்த அனுமதி. பணியாளர்களின் பாதுகாப்புக்காகப் போடப்பட்ட நிபந்தனைகள் அதில் உண்டு, அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் அந்த இட்லிக்கடை அம்மாளிடம் வேலை செய்வது அவருடைய இரண்டு கைகள் மட்டும். பெரிய உணவகத்தின் விளக்கு விடிய விடிய எரிவதற்கு அரசாணை இருக்கிறது. ஒற்றைக் குண்டு பல்புக்கு அன்றிரவு பணியிலிருக்கும் காவலரின் மனநிலைதான் ஆணை. தூங்கா நகரம் என்று பேர் வைத்துவிட்டு, தூங்காதிருப்பவர்களில் ஏழைக்கு மட்டும் கணக்குக் கேட்பது என்ன நியாயம்?

மறுதரப்பின் வாதங்களை நான் அறிவேன், மனு எழுதியவனாயிற்றே. நடைபாதை நடப்பவர்களுக்கு உரியது என்பது முதல் வாதம். உண்மை. ஆனால் எங்கள் தெருவின் நடைபாதையில் அந்த வண்டி பிடித்த இடத்தைவிட எங்கள் கார்கள் பிடித்த இடம் பன்மடங்கு. லாரி எந்தக் காரையும் ஏற்றிப்போகவில்லை. இன்று அந்த வண்டி நின்ற இடத்திலும் ஒரு கார்தான் நிற்கிறது.

சுகாதாரம் என்பது இரண்டாவது வாதம். இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஒரே வாளித் தண்ணீரில் நூறு தட்டுகள் அலசப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதைக் 'கிராமியம்' என்று ரசிப்பது பம்மாத்து. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தள்ளுவண்டிக்காரரும் பதிவு செய்துகொள்ளவேண்டும் என்கிறது, அது நடக்கட்டும். ஆனால் ஒரு வாளித் தண்ணீர் என்பது அவருடைய குணக்கேடு அல்லவே. குழாய் இல்லாத இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு ஏன் கழுவவில்லை என்று கேட்கிறோம். சிங்கப்பூர் 1971 முதல் 1986 வரை தன் தெரு உணவுக்காரர்களைக் குழாயும் வடிகாலும் உள்ள அங்காடி நிலையங்களுக்குள் கொண்டுபோய் அமர்த்தியது. அந்த இடப்பெயர்ச்சியில் இழப்புகளும் இருந்தன. இருந்தாலும், முதலில் தண்ணீர் கொடுத்தது. 2020ல் அந்த உணவங்காடிப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தும் நம்மவர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். குழாயைப் பற்றி எவரும் எழுதுவதில்லை.

மூன்றாவது வாதமான 'அந்நியர் நடமாட்டம்' என்பதற்கு மட்டும் பதில் சொல்லப்போவதில்லை. அந்த அந்நியர்கள் எங்கள் கட்டடத்தைக் காவல் காத்தவர்கள், பக்கத்துக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள்.

கணக்கெடுப்பும் அடையாளச் சான்றும் இல்லாததன் விளைவு லாரியோடு முடிவதில்லை. 2020ல் மத்திய அரசு தெரு வணிகர்களுக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதைப் பெற, தான் தெரு வணிகர் என்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். காகிதம் இல்லாதவருக்கு இருப்பது தண்டல்காரர். 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டுத் தடுக்கப்பட்ட தண்டலும் மீட்டர் வட்டியும் இன்னும் எதனால் உயிர்வாழ்கின்றன என்று வியப்பவர்கள், மாலை ஆறு மணிக்கு ஒரு தள்ளுவண்டிப் பக்கம் நின்று பார்க்கலாம். நாம் 'மலிவு' என்று புகழ்கிற இட்லியின் விலையில் அந்த வட்டியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே அது மலிவுமில்லை. மீதியை வேறொருவர் கட்டுகிறார்.

போகவேண்டாம், தின்னவேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மதுரை இரவின் சுவை பொய்யில்லை, மறுபடியும் போவேன். எழுதுகிறவர்கள் எழுதுங்கள். ஆனால் மந்திரக் கையைப் பற்றி எழுதும்போது அந்தக் கைக்குச் சான்றிதழ் கிடைத்ததா என்றும் கேட்டு எழுதுங்கள். தொலைவிலிருக்கும் பாட்டியைக் கும்பிடுவதற்கு முன் உங்கள் வாசலில் நின்ற வண்டி எங்கே போயிற்று என்று விசாரியுங்கள்.

திரும்பி வருகையில் மேலூர் தாண்டும்வரை காருக்குள் யாரும் பேசவில்லை. பிறகு செயலாளர்தான், அந்தக் கணவனும் மனைவியும் இப்போது எங்கே இருப்பார்கள் என்று கேட்டார். மூன்றாண்டுகள் அவர்களிடம் வாங்கித் தின்ற எங்களில் ஒருவருக்கும் அவர்கள் பெயர் தெரியவில்லை. கூவியர் என்ற பழஞ்சொல்லுக்குப் பொருள் மட்டும் ஐவருக்கும் தெரிந்திருந்தது.