ஸ்டேட்டஸ் போட்டா சீட்டு கிழியுமா?

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் முதலில் எந்தப் பக்கத்தைப் புரட்டுவீர்கள்? சம்பளப் பக்கம்தானே! அப்புறம் பாண்டு எத்தனை வருஷம், போஸ்டிங் சென்னையா பெங்களூரா... அவ்வளவுதான். ஜாயினிங் அன்றைக்கு ஒரு காகிதக் கட்டை நீட்டி வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். நாமும் எக்ஸாம் ஹால் அட்டெண்டன்ஸ் ஷீட் மாதிரி படிக்காமலே போட்டுத் தள்ளுவோம். அந்தக் கட்டுக்குள் 'சோஷியல் மீடியா பாலிசி' என்று ஒன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஏதோ ஒரு ஸ்டேட்டஸுக்கு விளக்கம் கேட்டு ஹெச்.ஆர். மெயில் வரும்போதுதான், 'அடடே, இதுல எப்போ கையெழுத்துப் போட்டோம்?' என்று உறைக்கும்.

இந்த வாரம் இதை எடுக்கக் காரணம் இருக்கிறது மக்களே. செமஸ்டர் லீவில் கோவைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் இன்டர்ன்ஷிப் போனேன். பம்ப் உதிரிபாகம் செய்கிறவர்கள். ஷாப் ஃப்ளோரில் சி.என்.சி. மெஷின் பக்கத்தில் நின்று ரீல்ஸ் எடுப்பது அங்கே சூப்பர் ஹிட் பொழுதுபோக்கு. "நீங்கதானே எந்நேரமும் போனும் கையுமா திரியுறீங்க... நீங்களே ஒரு ரூல்ஸ் எழுதிக் கொண்டாங்க" என்று ஹெச்.ஆர். மேடம் எங்கள் நாலு பேர் தலையில் கட்டிவிட்டார்.

கூட இருந்த ஒரு புண்ணியவான், நெட்டில் கிடைத்த ஒரு பெரிய கம்பெனியின் பாலிசியை எடுத்துப் பேரை மட்டும் மாற்றி அரை மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். நல்ல கனமான இங்கிலீஷ். அதில் நடுநாயகமாக ஒரு வரி: கம்பெனியின் நற்பெயருக்குக் களங்கம் வரும் எதையும், எந்த ஊழியரும், எங்கேயும் பதிவு செய்யக் கூடாது.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கேன்டீன் சாம்பாரில் உப்பில்லை என்று எழுதினால் அது களங்கமா? ஓவர்டைம் பணம் இன்னும் வரலை என்று ஃப்ரெண்ட்ஸ் குரூப்பில் புலம்பினால்? பிரஸ் மெஷினுக்குத் தடுப்பு போடலை, கை போயிடும்னு ஒரு ஆபரேட்டர் எழுதினால்? இந்த ஒரே வரியை வைத்து மூன்று பேரையும் வெளியே அனுப்பலாம். எதைச் செய்தால் தப்பு என்று ஊழியருக்குத் தெரியாத ரூல், கையில் பிரம்பு வைத்திருப்பவருக்கு மட்டும்தான் வசதி.

இந்தப் பிரச்னை ஒண்ணும் நேத்து முளைத்ததல்ல. 2002-ல் ஹெதர் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பெண், 'டூஸ்' என்ற தன் வலைப்பூவில் கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி எழுதி வேலையை இழந்தார். அப்புறம் இணையத்தில் எழுதி வேலை போனாலே 'டூஸ்டு' என்று சொல்கிற அளவுக்கு அந்தப் பெயர் வினைச்சொல்லாகிவிட்டது! 2003-ல் மைக்ரோசாஃப்ட் வளாகத்தில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஒருவர், அங்கே லாரியிலிருந்து ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் இறங்குவதைப் படம் பிடித்துப் போட்டார். அவருக்கும் டாட்டா. இரண்டு பேர் தப்பையும் சரியையும் விடுங்கள். நேரில் பேசினால் நாலு பேருக்குத் தெரியும், இங்கே எழுதினால் ஊருக்கே தெரியும் என்ற வித்தியாசம் கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

2005-ல் ஐ.பி.எம். செய்ததுதான் எனக்குப் பிடித்த விஷயம். ரூல்ஸை வக்கீல் ரூமில் பூட்டி வைத்து எழுதவில்லை. ஏற்கெனவே வலைப்பூ எழுதிக்கொண்டிருந்த ஊழியர்களையே உட்கார வைத்து, கம்பெனிக்குள் இருந்த விக்கி பக்கத்தில் சேர்ந்து எழுத வைத்தார்கள். நீ யாரென்று சொல்லிவிட்டு எழுது, இது உன் கருத்து, கம்பெனி கருத்தில்லை என்று தெளிவாகச் சொல், ரகசியத்தைக் கொட்டாதே, சண்டைக்குப் போகாதே, தப்பாக எழுதிவிட்டால் நீயே முதலில் திருத்து... இப்படிப் போகும் அது. சொந்த அனுபவத்தில் சூடு பட்டவர்கள் எழுதியது மாதிரி இருக்கிறதா இல்லையா?

அடக்குமுறைப் பாலிசி எழுதிய கம்பெனிகளும் அடி வாங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனி. ஊழியர் ஒருவர் சூப்பர்வைசரைத் திட்டி ஃபேஸ்புக்கில் எழுத, கூட வேலை பார்க்கிறவர்களும் வந்து பதில் போட்டார்கள். அவர் வேலை போனது. அந்த நாட்டுத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 2010-ல் கம்பெனி மேலேயே புகார் பதிவு செய்தது. வேலை நிலைமை பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அந்த ஊரில் 1935-லிருந்தே சட்டப் பாதுகாப்பு உண்டு. டீக்கடையில் பேசினால் என்ன, ஃபேஸ்புக்கில் பேசினால் என்ன? 2011 பிப்ரவரியில் சமரசம் ஆனது. அளவுக்கு மீறிய ரூல்ஸைத் திருத்திக்கொள்வதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டது.

'அது அமெரிக்கா பாஸ்' என்பீர்கள். சரி, மதுரைக்கே வருவோம். கிராம வங்கி ஊழியர் ஒருவர், வாட்ஸ்அப் குரூப்பில் மேலதிகாரிகளை விமர்சித்து எழுதியதற்காக அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்தார்கள். 2023-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மனசில் இருக்கும் குமுறலைக் கொட்டுவதற்கு ஊழியருக்கு உரிமை உண்டு, அப்படி வடிகால் இருப்பது நிறுவனத்துக்கே நல்லது என்பது தீர்ப்பின் சாரம். உடனே விசில் அடிக்காதீர்கள். தனியார் கம்பெனியில் இதே பாதுகாப்பு அப்படியே கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். அங்கே நீங்கள் கையெழுத்துப் போட்ட காகிதம்தான் முதலில் பேசும்.

சரி, கம்பெனி பக்கமும் நியாயம் இருக்கு. எங்கள் ஷாப் ஃப்ளோர் ரீல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹீரோ ஸ்டைலாகச் சட்டைக் காலரைத் தூக்கி விடுவார். பின்னாடி மேஜையில் கஸ்டமர் கொடுத்த டிராயிங் விரித்துக் கிடக்கும், அளவு முதல் டாலரன்ஸ் வரை. போட்டிக் கம்பெனிக்காரர் அந்த ரீலை ஹீரோவுக்காகவா பார்ப்பார்?

படத்தின் பின்னணி காலை வாரிய கதைகள் உலகம் முழுக்க உண்டு. 2012-ல் இளவரசர் வில்லியம் விமானப்படைத் தளத்தில் வேலை பார்க்கும் படங்களை பிரிட்டனில் வெளியிட்டார்கள். பின்னாடி சுவரில் இருந்த தாளில் பாஸ்வேர்டு தெரிந்தது! 2015-ல் பிரான்ஸின் டிவி5 மோண்ட் சேனலை ஹேக் செய்தார்கள். அதைப் பற்றி அங்கே வேலை பார்ப்பவர் பேட்டி கொடுத்தபோது, பின்னாடி ஒட்டியிருந்த சீட்டுகளில் பாஸ்வேர்டு கேமராவில் பளிச். அதனால், முதல் நாள் ஐ.டி. கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செல்ஃபி போடத் துடிக்கும் அன்பு நெஞ்சங்களே, கார்டைத் திருப்பிப் போட்டாவது எடுங்கள். பார்கோடு ஊர் பார்க்கவா?

பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி என்றால் இன்னும் உஷார். காலாண்டு ரிசல்ட், கம்பெனி கைமாறுவது மாதிரி இன்னும் வெளியிடாத, பங்கு விலையை ஆட்டிவைக்கும் செய்தியைக் கசியவிடுவது செபியின் 2015 விதிகளின்படி குற்றம். 'குரூப்ல சும்மா சொன்னேன்' என்பதெல்லாம் எடுபடாது.

இன்னொரு கூத்து, கம்பெனியே தூண்டுவது. 'நம்ம பொருளுக்கு ஆளுக்கு ஒரு அஞ்சு ஸ்டார் போடுங்கப்பா' என்று மார்க்கெட்டிங் அண்ணன் கேட்பார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் கொண்டுவந்த வழிகாட்டுதல்படி, ஒரு பொருளைப் பாராட்டுகிறவருக்கும் விற்கிறவருக்கும் உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது. அங்கே சம்பளம் வாங்குவதைவிடப் பெரிய தொடர்பு என்ன இருக்கு? அதனால் எங்கள் டிராஃப்டில், 'ஊழியர் என்று சொல்லாமல் விமர்சனம் எழுத வேண்டாம், கம்பெனி கேட்டாலும் வேண்டாம்' என்று போட்டோம். மார்க்கெட்டிங் அண்ணன் அப்புறம் எங்களோடு டீ குடிக்க வரவில்லை.

எதையெல்லாம் எழுதாமல் விடலாம் என்பதிலும் ஒரு சண்டை நடந்தது. 2009-ல் அமெரிக்காவில் டோமினோஸ் பீட்சா கடை ஊழியர்கள் இரண்டு பேர் சாப்பாட்டில் அசிங்கம் பண்ணி யூடியூபில் போட்டார்கள். தலைமை அதிகாரியே வீடியோவில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அதைத் தடுக்க சோஷியல் மீடியா ரூல் தேவையா? கேமரா இல்லாவிட்டாலும் அது தப்புதானே! அந்த மாதிரி வரிகளை அடித்ததில் பதினொரு பக்கம் ஒன்றரைப் பக்கமாக இளைத்தது.

அதைத் தமிழிலும் எழுதினோம். இதுதான் பெரிய போராட்டம். ரீல்ஸ் போடுகிற ஆபரேட்டர் அண்ணன்கள் படிப்பது தமிழ். அங்கே இருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள் படிப்பது இந்தி. அவர்களுக்குப் புரியாத இங்கிலீஷில் கையெழுத்து வாங்கி, அப்புறம் அதைக் காட்டி நடவடிக்கை எடுத்தால் அது போங்காட்டம். மேடம் ஒப்புக்கொண்டார். 'படம் எடுக்கணும்னா கேட்டின் பக்கத்துல இருக்கிற மரத்தடி' என்று ஒரு இடத்தையும் ஒதுக்கிக் கொடுத்தார். செய்யாதே என்று சொல்லும்போது எங்கே செய்யலாம் என்றும் சொன்னால், திருட்டுத்தனமாக எடுக்கும் ரீல்ஸ் பாதி குறையும் என்பது எங்கள் கணக்கு.

இழுபறியில் நிற்பது இரண்டு வரி. சம்பளம் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசலாம் என்ற வரியை மேடம் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டார். புகார் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் முதலில் விளக்கம் கேட்டு, பதிவை எடுக்க அவகாசம் கொடுத்து, அதற்குப் பிறகுதான் நடவடிக்கை என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. இரண்டும் எம்.டி. மேஜையில் இருக்கின்றன.

பிளேஸ் ஆன சீனியர்களே, ஜாயினிங் தேதிக்கு முன்னாடியே அந்தப் பாலிசியை மெயிலில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. வந்ததும், விளக்கம் கேட்காமல் வேலையை விட்டு எடுக்க முடியுமா என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும்.