வெள்ளைக் காக்கை

"வெள்ளைக் காக்கை மல்லாக்கப் பறக்கிறது" என்று எஜமானர் சொன்னால், "ஆமாம், நானும் பார்த்தேன்" என்று தலையாட்டுகிறவரைப் பற்றி நம் ஊரில் கேலி பேசுவதுண்டு. மல்லாக்கப் பறப்பது பொய்தான். ஆனால் வெள்ளைக் காக்கை பொய்யல்ல. காக்கையில் மட்டுமல்ல; மைனாவில், சிட்டுக்குருவியில், மயிலில்கூட அபூர்வமாக இப்படி ஒன்று பிறந்துவிடுகிறது.

இறகின் கறுப்புக்கும் பழுப்புக்கும் காரணம் மெலனின் என்ற நிறப்பொருள். காக்கையின் உடம்பு அதைத் தயாரிக்கவே முடியாமற் போனால் இறகு முழுவதும் வெளுத்துவிடும். கண்ணிலும் நிறம் இராது. உள்ளே ஓடும் ரத்தம் தெரிந்து சிவந்திருக்கும். பாவம், அதற்குப் பார்வையும் மந்தம். கூட்டை விட்டு வெளியே வந்த சில நாட்களிலேயே பெரும்பாலும் கதை முடிந்துவிடுகிறது. ஆகவே வளர்ந்த வெள்ளைக் காக்கை உங்கள் வீட்டு மதிலில் வந்து உட்கார்ந்தால் அதன் கண்ணைப் பாருங்கள். அநேகமாகக் கறுப்பாகவே இருக்கும். உடம்பில் மெலனின் உண்டு; இறகுக்குத்தான் போய்ச் சேரவில்லை. வெள்ளை மயிலின் சங்கதியும் இதுவே. இன்னும் சில பறவைகளுக்கு, நம்மைப் போலவே, வயதாக ஆக நரை விழுகிறது! கிளிக்கு மெலனின் போனால் வெளுக்காது, மஞ்சளாகும். அதன் பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் வேறு சாயம்.

மெலனின் வெறும் அலங்காரமல்ல. இறகுக்கு உறுதி தருவதும் அதுதான். வெள்ளை இறகு சீக்கிரம் தேய்ந்து நைந்துபோகும். பருந்தின் கண்ணிலும் சட்டென்று படும்.

இவ்வளவு தொல்லைகளுக்கு நடுவிலும், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையே கடலில் கிடக்கும் ஃபாரோ தீவுகளில் இப்படி ஒரு பறவை தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. நம் அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவன் அது. தலையிலும் சிறகிலும் வயிற்றிலும் வெள்ளை, அலகு இளம்பழுப்பு. தனி இனமல்ல, கறுப்பு ரேவன்களின் உடன்பிறப்புத்தான்.

ஆட்டுக்குட்டிகளைக் கொல்கிறதென்று ரேவனின் மேல் அரசாங்கத்துக்குக் கோபம். வேட்டையாடும் வயதுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஒரு ரேவன் அலகையாவது வேறு கொன்றுண்ணிப் பறவைகளின் இரண்டு அலகுகளையாவது கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தவறினால் அபராதம் என்று பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உத்தரவு பிறந்தது. அதில் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தே செத்தன. பிறகு வந்தார்கள், பாடம் செய்த பறவைகளைச் சேகரிக்கும் கனவான்கள். கறுப்பு ரேவனை அவர்கள் சீண்டவில்லை. வெள்ளைக்கு நல்ல விலை கொடுத்தார்கள். ஏழைக் குடியானவன் வேறு என்ன செய்வான்? துப்பாக்கியை எடுத்தான். அரிதாக அரிதாக விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் அரிதாயிற்று.

சந்தேகத்துக்கு இடமின்றிக் கடைசியாகப் பதிவானது 1902-ல். 1948-க்குப் பிறகு பார்த்ததாகச் சொல்பவரும் இல்லை. 1995-ல் அத்தீவுகளின் தபால் இலாகா அதன் படத்தைத் தபால் தலையில் அச்சிட்டது. கறுப்பு ரேவன்கள் அங்கே இன்றும் பறக்கின்றன.