கிணற்றின் பெயரும் கடையின் பெயரும்



பேக்கரி, தையற்கடை, உணவகம் என்று சிறு தொழில் நடத்தும் குடும்பங்கள் நம் சபையில் பல உண்டு. "இந்தக் கடைப்பெயர் எங்களுடையது, உடனே மாற்றுங்கள்" என்று ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது? பெயர்ப்பலகையும் ரசீதுப் புத்தகமும் போனால் போகட்டும்; பல ஆண்டு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் அந்தப் பெயரோடு அல்லவா ஒட்டியிருக்கிறது?

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரேயுள்ள இருட்டுக்கடையை அறியாதவர் யார்? மங்கிய விளக்கொளியில் அல்வா விற்றதால் மக்களே சூட்டிய பெயர் அது. பின்னர் வேறொருவர் முன்னால் "திருநெல்வேலி" என்ற சொல்லைச் சேர்த்து அதே பெயரைப் பயன்படுத்தினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இரு தரப்பிடமும் வணிகச் சின்னப் பதிவு இருந்தது. ஆயினும், முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவரின் உரிமையே மேலானது என்று 2015 மார்ச்சில் தீர்ப்பாயிற்று. பதிவு என்பது ஏற்கெனவே உள்ள உரிமையை அங்கீகரிப்பதேயன்றி, அதைப் பிறப்பிப்பதன்று. இது நியாயமான தீர்ப்பு என்பதே என் எண்ணம். பிறர் உழைப்பால் மணம் பெற்ற பெயரை ஒரு சான்றிதழைக் காட்டி எடுத்துக்கொள்வது, எல்லைக்கல்லை இரவில் நகர்த்தி நடுவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய வேளைகளில் விசுவாசிகளுக்கு ஈசாக்கின் கிணறுகளை நினைவூட்டுவது வழக்கம் (ஆதியாகமம் 26). கேராரின் மேய்ப்பர் வாக்குவாதம் செய்த கிணறுகளுக்கு ஏசேக்கு, சித்னா என்று பெயரிட்டுவிட்டு, அவன் அப்பால் போய் ரெகொபோத்தைத் தோண்டினான். நல்ல முன்மாதிரிதான். ஆனால் ஈசாக்கு அப்போது மந்தையும் வேலைக்காரரும் மிகுந்த செல்வன். இன்னொரு கிணறு தோண்ட அவனால் இயலும். ஒற்றைத் தையல் இயந்திரத்தோடு பிழைக்கும் விதவையிடம் போய், "விட்டுக்கொடுங்கள் அம்மா" என்று சொல்ல நமக்கு என்ன செலவு? விட்டுக்கொடுக்கும் ஆலோசனை முதலில் பலமுள்ளவனுக்கே உரியது.

கொரிந்து சபையார் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடியதைப் பவுல் கடிந்துகொண்டபோது, வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் விவேகி ஒருவனாவது இல்லையா என்னும் கருத்தில் வினவினார். இருவரும் நம் சபையாராயின், முதற்படி மூப்பரின் வீட்டுத் திண்ணைதான். எதிர்த்தரப்பு வெளியாராயினும் பேச வழியுண்டு. உடனடித் தடையாணை கோராத வணிக வழக்குகளில், வழக்குத் தொடுக்குமுன் சமரசம் பேச முயல வேண்டும் என்று 2018 முதல் சட்டமே விதிக்கிறது. பெயரோடு ஊரையோ குடும்பப் பெயரையோ சேர்த்து வேறுபடுத்துவது, அச்சிட்ட பைகள் தீரும்வரை தவணை தருவது, அவரவர் எல்லையை வகுத்துக்கொள்வது என்று ஒப்பந்தங்கள் பலவிதம்.

ஆயினும் நோட்டீசை மேசை அறையில் போட்டு மறந்துவிடாதீர்கள். மௌனம் சாந்தகுணம் அன்று. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் 34ஆம் பிரிவில், முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்துவோரைக் காக்கிறது. ஆனால் அதை மெய்ப்பிப்பது உங்கள் பொறுப்பு. பிறர் உங்கள் பெயருக்கு விண்ணப்பித்து, அது அரசின் வணிகச் சின்ன இதழில் வெளியானால், ஆட்சேபிக்க நான்கு மாதங்களே உண்டு. புதுச்சேரிக்குரிய பதிவகம் சென்னையில் இருக்கிறது.

கடை திறந்த ஆண்டின் ரசீதுகள், நகராட்சி உரிமம், பழைய விளம்பரத் துண்டுகள் ஆகியவற்றை இந்த வாரமே தேடி எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். எதிர்த்தரப்போடு பேசப் போகும்போதும் அதையே கையில் கொண்டுபோங்கள்.