குற்றம் தட்டில் இல்லை

என் அண்ணன் மகள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். போன வாரம் அந்தக் கடையில் ஊழியர்களுக்கு மன அழுத்தத்தைக் குறைப்பது பற்றி ஓர் உரை ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்காக எல்லோரையும் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னார்கள். வந்த நிபுணர் அடுக்கினாராம்: விடியலில் எழுந்து நடக்க வேண்டும், ஊறவைத்த பாதாம் சாப்பிட வேண்டும், சோற்றை நிதானமாக மென்று விழுங்க வேண்டும், இரவுச் சாப்பாட்டை ஏழரை மணிக்குள் முடித்துவிட்டு எட்டு மணி நேரம் தூங்க வேண்டும். அவ்வளவையும் அந்தப் பெண்கள் நின்றுகொண்டே கேட்டிருக்கிறார்கள். "எந்த எட்டு மணி நேரம் அத்தை? கடை மூடவே பத்து மணி ஆகுது" என்று அவள் கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது.

இந்த உபதேசத்தைக் கேட்காத வீடு இன்று இல்லை. காலைத் தொலைக்காட்சியில் ஒருவர் வாழைப்பழத்தை உயர்த்திக் காட்டுகிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வெந்தயத் தண்ணீரை அனுப்புகிறார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே தீர்ப்புதான்: உனக்கு மன அழுத்தம் என்றால் நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, ஒழுங்காகத் தூங்குவதில்லை, தவறு உன்னுடையது. இது பொய். அதுவும் உழைக்கிறவர்களைக் குற்றவாளிகளாக்கும் பொய்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளைப் பாருங்கள். ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, இரண்டு பஸ் மாறி ஒன்பதரைக்குக் கவுன்ட்டரில் நிற்க வேண்டும். நாற்பது சேலையை விரித்துக் காட்டியும் எதிரில் இருப்பவர் எடுக்காமல் போனால், அவற்றை மடித்து அடுக்குவதும் அவள்தான், சூப்பர்வைசரிடம் பதில் சொல்வதும் அவள்தான். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். மாடி ஏறி, வரிசையில் நின்று, கை கழுவுவதற்குள் அதில் பாதி போய்விடும். கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறாள். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் வார விடுமுறையும் கிடையாது. இவளிடம் போய் நிதானமாக மெல்லச் சொல்ல எப்படி மனம் வருகிறது?

உடம்பு வேலை செய்யும் விதத்தையே இந்த நிபுணர்கள் தலைகீழாகச் சொல்கிறார்கள். நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசாலைச் சுரக்கின்றன. நெருக்கடி தீராவிட்டால் அந்தச் சுரப்பின் ஒழுங்கு குலைகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறி, வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் இறங்குகிறது. அப்போது உடம்பு இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும்தான் கேட்கும். சாயங்காலம் அந்தப் பெண் ஒரு பஜ்ஜியும் சர்க்கரை தூக்கலான டீயும் வாங்கிச் சாப்பிடுகிறாள் என்றால், பன்னிரண்டு மணி நேர வேலை அவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. நிபுணர் கண்ணுக்குப் பஜ்ஜி மட்டும் தெரிகிறது.

பிரிட்டனில் 1967-ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு பல ஆயிரம் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்தது. கடைநிலை ஊழியர்கள் மேலதிகாரிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இதய நோயால் இறந்தார்கள். புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளியில் பெரும்பகுதி அப்படியே நின்றது. பின்னால் ஆய்வாளர் மைக்கேல் மார்மட்டும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்தபோது, தன் வேலைமீது தனக்கு அதிகாரம் இல்லாத நிலையே ஒரு முக்கியக் காரணமாகத் தெரிந்தது. எப்போது உட்காரலாம் என்பதைக்கூடத் தானாக முடிவு செய்ய முடியாத சேலைப் பிரிவுப் பெண்ணுக்கு இதைவிடப் பொருந்தும் விளக்கம் உண்டா? உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு கூடுகிறது. அப்படி நீண்ட நேரம் உழைத்ததால் 2016-ல் மட்டும் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தவர்கள் 7,45,000 பேர். அந்தச் சேலைப் பிரிவுப் பெண் வாரத்துக்கு 70 மணி நேரத்துக்கு மேல் நிற்கிறாள். எத்தனை பாதாம் இதை ஈடுகட்டும்?

உட்கார ஒரு நாற்காலிக்கே இங்கே சட்டம் போட வேண்டியிருந்தது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளின் பெண்கள் கழிப்பறை கேட்டும் இருக்கை கேட்டும் போராடினார்கள்; கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021-ல் திருத்தியது. 'அங்காடித் தெரு' படம் 2010-லேயே சென்னை ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் வாழ்க்கையை நமக்குக் காட்டிவிட்டது. பார்த்து அழுதுவிட்டு அதே கடைகளில் தீபாவளிக்குத் துணி எடுத்தோம். இன்றும் ஒரு கடைக்குள் நுழைந்தால் எத்தனை விற்பனைப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நாற்காலியைப் போலவே வேலை நேரத்துக்கும் இங்கே போராட வேண்டியிருக்கிறது. 1923-ல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், அதே சென்னையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகே திரும்பப் பெற்றார்கள். வேலையைக் குறைக்காமல் உபதேசம் மட்டும் செய்யும் அநியாயம் வீட்டிலும் நடக்கிறது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ஆறிய சோற்றைத் தின்னும் அம்மாவிடம், "நேரத்துக்குச் சாப்பிடும்மா, டென்ஷன் ஆகாதே" என்கிறோம். எழுந்து ஒரு பாத்திரம் கழுவுவதில்லை. இந்த உபதேசம் வியாபாரமாகவும் ஆகிவிட்டது: கிராமங்களில் ஏழைகள் குடித்த கேழ்வரகுக் கூழைப் பளபளக்கும் டப்பாவில் அடைத்து, மனதை அமைதிப்படுத்தும் சத்துமாவு என்று பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதையும் அந்தக் கடைப் பெண் தன் சம்பளத்தில்தான் வாங்க வேண்டுமாம்.

நல்ல சாப்பாடும் தூக்கமும் நடையும் யாருக்குத்தான் வேண்டாம்? அவை கிடைக்க நேரம் வேண்டும், கூலி வேண்டும். அந்த இரண்டும் முதலாளி கையில் இருக்கும்போது ஊழியருக்கு உபதேசம் செய்வது கோழைத்தனம். நிபுணர் அந்த ஒரு மணி நேரத்தைக் கடை முதலாளியோடு செலவிட்டிருக்க வேண்டும். வேலை எட்டு மணி நேரம், மிகை நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், ஒரு மணி நேர உணவு இடைவேளை, கவுன்ட்டருக்குப் பின்னால் நாற்காலி, கேட்காமல் போய்வரக் கழிப்பறை என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தீபாவளிக் கூட்டம் நெரியும் நாளில் முன்னறிவிப்பில்லாமல் கடைக்குள் வந்து இவற்றைச் சரிபார்க்க வேண்டும். இவை நடந்தால் அவள் என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவளுக்கே தெரியும்.