காப்பிக் கடையில் ஓர் ஆசனம்

“காப்பிக் கடைப் பக்கம் கால் வையாதே” என்பது, கல்லூரிக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பெற்றோர் கூறும் புத்திமதிகளுள் ஒன்று. பொருட்செலவு, காலச்செலவு, தீய சகவாசம் ஆகிய மூன்றும் அவ்விடத்தே ஒருங்கு வாய்க்கும் என்பது அன்னாரது துணிபு. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் ஓர் ஊரின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர்க்குக் காப்பிக் கடையைப் போன்ற அளவுகோல் பிறிதில்லை என்பது எமது கருத்து. அதனை இச்சஞ்சிகையின் வாசகர் முன் வைக்கத் துணிகின்றோம்.

காப்பி நமக்குப் பழம்பொருளன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலுமே அது தமிழர் இல்லங்களிற் பரவலாயிற்று. நீராகாரமும் பழஞ்சோறும் இருந்த இடத்தை அது கவர்ந்தபோது, தேகம் நலியும், குடி கெடும் என்று பெரியோர் பலர் முறையிட்டனர். இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் தமது நூலிற் சுவைபட ஆராய்ந்துள்ளார். முறையிட்டவர் மறைந்தனர், காப்பி நிலைத்தது.

ஆனால் நிலைத்த காப்பி எல்லோர்க்கும் ஒருபடித்தாய்க் கிடைத்ததோ? இல்லை. பல கடைகளில் ஒரு சாதியார்க்கு உள்ளறையும் மற்றையோர்க்கு வெளியிடமும் வகுக்கப்பட்டிருந்தன. சில சாதியார்க்கோ உள்ளே நுழையவும் உரிமையில்லை. கிராமங்களில் உழைப்பாளி ஒருவன் காசு கொடுத்துத் தேநீர் வாங்கினும், தனிக் குவளையிற் பெற்று, தரையிற் குந்திக் குடித்து, தானே கழுவி வைத்துச் செல்ல வேண்டியிருந்தது. காசுக்குத் தீட்டில்லை, அதனை நீட்டிய கைக்கே தீட்டு!

1950-இல் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்பு, பதினைந்தாம் உறுப்பில் கடைகளையும் உணவுச்சாலைகளையும் பெயர் குறித்தே எல்லோர்க்கும் பொதுவாக்கிற்று. பதினேழாம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமோ, உணவுச்சாலையிற் பொதுவாக வைக்கப்பட்ட பாத்திரத்தைப் புழங்கவொட்டாமல் தடுப்பதையும் குற்றமாக்கிற்று. ஒரு தம்ளருக்காகப் பாராளுமன்றம் சட்டமியற்ற நேர்ந்ததென்றால், நோய் எத்துணை ஆழத்தில் வேரூன்றியிருந்தது என்பதை மாணவர்கள் சிந்திக்க வேண்டும். அதன் பின்னரும் 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்து சாதிப்பெயரை நீக்கும்படி பெரியார் ஈ. வெ. ராமசாமி கிளர்ச்சி நடத்த வேண்டியதாயிற்று. சட்டம் ஏட்டில் ஏறுவது எளிது. பெஞ்சில் ஏறுவது அரிது.

கிறிஸ்தவக் கல்லூரியிற் கற்கும் நமக்கு இது புதிய பாடமன்று. சமாரியப் பெண்ணிடம் இயேசுநாதர் தண்ணீர் கேட்டபோது, அவள் வியப்புற்றதற்குக் காரணம் யாது? யூதர் சமாரியரோடு புழங்குவதில்லை என்பதன்றோ! யாக்கோபின் கிணற்றருகே நிகழ்ந்ததும் ஒருவாறு பாத்திரத்தைப் பற்றிய விவகாரமே.

இனிக் குளிர்பொருளுக்கு வருவோம். வெப்பம் மிகுந்த இந்நாட்டில் ஐஸ் என்பது ஒரு காலத்திற் கப்பலேறி வந்த பொருள். 1833-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து ஏரிப் பனிக்கட்டிகள் கல்கத்தா வந்திறங்கின. அவற்றைச் சேமித்து வைக்கச் சென்னைக் கடற்கரையிற் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாய் விளங்குகின்றது. அக்காலத்திற் சீமான்களுக்கே உரியதாயிருந்த குளிர்ச்சி, இன்று பள்ளிச் சிறுவனின் கைக்கெட்டும் பொருளாயிற்று. இத்தாலியரின் ஜெலாட்டோ இப்போது நமது நகரங்களிலும் பரவி வருகின்றது. ஐஸ்கிரீமைக் காட்டிலும் இதிற் பால் மிகுதி, பாலேடு குறைவு. மெல்லக் கடையப்படுதலாற் காற்றுக் குறைந்து, நாவிற் செறிவாக நிற்கும். வீரமாமுனிவரை நமக்கீந்த இத்தாலி தேசத்தார் இதனையும் ஈந்தனர் எனலாம்.

சென்ற விடுமுறையில் நண்பர் சிலருடன் சாத்தான்குளம் சென்றிருந்தோம். தேரிக்காட்டின் செம்மண் புழுதி உடையெல்லாம் படிந்திருந்தது, நாவும் வறண்டிருந்தது. கடைவீதியில், காப்பியும் ஐஸ்கிரீமும் ஒருங்கே விற்கும் சிறு கடையொன்றில் நுழைந்தோம். பனங்காட்டிலிருந்து வந்தவர் போலும் முதியவர் ஒருவர் கருப்பட்டிக் காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருக்கெதிரே ஓர் இளைஞர் கைப்பேசியிற் கண் பதித்திருந்தார். மூலை மேசையில் மாணவிகள் மூவர் ஐஸ்கிரீம் உண்டவாறு தேர்வைப் பற்றி உரக்க விவாதித்தனர். எல்லோர்க்கும் ஒரே வகைத் தம்ளர். ஒரே வகை நாற்காலி. எவரும் எவரையும் எழுப்பவில்லை. யாம் கண்டு மகிழ்ந்த காட்சி இதுவே.

அம்மாணவிகளைப் பற்றிச் சிறிது கூற விரும்புகின்றோம். தெருமுனைத் தேநீர்க் கடையின் பெஞ்சு இன்றளவும் பெரும்பாலும் ஆடவர்க்கே உரியதாயிருக்கின்றது. பெண்ணொருத்தி அங்கமர்ந்து செய்தித்தாள் வாசித்தாற் பத்துக் கண்கள் அவளையே வாசிக்கும். ஐஸ்கிரீமும் காப்பியும் விற்கும் இத்தகைய கடைகள் வந்த பின்னரே, சிற்றூர்ப் பெண்கள் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே ஒரு நாழிகை அமர்ந்து பேச ஓரிடம் பெற்றனர். சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட ஆசனத்தைச் சட்டம் மீட்டது. பார்வையால் மறுக்கப்படும் ஆசனத்தைச் சட்டம் மீட்க இயலாது. அதனை மீட்க வேண்டியவர் நமது ஆடவ மாணவரே. கடையில் அமர்ந்திருக்கும் சகோதரியைக் கண்டாற் கண்ணைத் திருப்பித் தம் தம்ளரை நோக்குவாராக. அதுவே போதும்.

இவ்விடத்துச் செலவு மிகுதியன்றோ என்பார்க்கு ஒரு சொல். ஆம், ஒரு கிண்ணம் ஜெலாட்டோவின் விலைக்குக் காப்பி பல அருந்தலாம். தந்தையின் வியர்வையால் வந்த காசை நாள்தோறும் பனியாக உருக்குதல் தகாது. கடன் சொல்லி உண்பதோ முற்றிலும் இழிவு. ஆனால் புதிய கடை வந்ததென்று பழைய காப்பியை இகழ்தலும் ஆகாது. சுண்ணாம்பு தடவிய கலயத்திற் பதநீர் இறக்குதற்குப் பனையேறி நாள்தோறும் மரமேறுகின்றார். அவர் மனையாள் அதனை வெயிலிலும் புகையிலும் நின்று காய்ச்சுகின்றாள். அவ்வாறு விளையும் உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இற் புவிசார் குறியீடு கிடைத்தது. இவ்வட்டாரத்துக் கடைக்காரர் அக்கருப்பட்டியையே ஜெலாட்டோவிற் கலந்து விற்கத் துணிவாராயின், இத்தாலியின் தொழிலும் தேரிக்காட்டின் இனிமையும் ஒரு கிண்ணத்திற் கூடும்; பனையேறியின் கைக்கும் நாலு காசு சேரும். முதலூர் மஸ்கோத் அல்வாவும் தூத்துக்குடி மக்ரூனும் அயற்பெயர் தாங்கியவையே. ஆயினும் அவற்றை நம்முடையன அல்ல என்பார் யாவர்?

ஆதலின், பெற்றோர் புத்திமதியைச் சிறிது திருத்துமாறு வேண்டுகின்றோம். “காப்பிக் கடைக்குப் போகாதே” என்பதற்கு ஈடாக, “அளவறிந்து போ, அருகில் அமர்ந்தவன் யாரென்று கேளாதே, அமர வருவோர்க்கு இடம் கொடு” என்று கூறுவாராக. அவ்வாறு கற்பிக்கப்பட்ட பிள்ளை, காப்பிக் கடையில் மட்டுமன்றி, எவ்விடத்தும் நல்லவனாயிருப்பான்.